கம்பைலரின் வாயை அடைப்பவர்

வாயடைப்புப் புரோகிராமர் என்று ஓர் இனம் உண்டு. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை, மாடிப்படியில் 'கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு மாட்டிய எந்த அறைக்குள் நுழைந்தாலும், ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். சிட்லபாக்கம் வேதசிரோமணியையே எடுத்துக்கொள்ளுங்களேன். சட்டைப் பையில் இரண்டு பிளாப்பி, முகத்தில் ஒரு மிதப்பு.

எழுதிய புரோகிராமை ஓடவிடுமுன் படித்துப் பார்த்து, "இது பொருந்தாது" என்று சொல்லும் கம்பைலரை இவருக்குக் கண்டாலே ஆகாது. ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துச் சரத்தில், இரண்டு வகை. எழுத்துக்கு ஒரு பைட் இடம் எடுப்பது ஒன்று, இரண்டு பைட் எடுப்பது இன்னொன்று. பின்னதைக் கேட்கிற இடத்தில் முன்னதைக் கொடுத்தால் கம்பைலர் கத்தும். மற்றவர்கள் ஸ்ட்ரிங்கை மாற்றுவார்கள். இவர்? அதன் முன்னால் ஓர் அடைப்புக்குறி போட்டு, கேட்ட வகையின் பெயரை அதற்குள் எழுதிவிடுவார். சரக்கு அதே சரக்கு, சீட்டு மட்டும் புதுசு. கம்பைலர் கப்சிப்!

"சார், எர்ரர் போகல, உள்ளதான் இருக்கு" என்பார் பக்கத்து நாற்காலி தபீதாள்.

"கம்பைல் ஆச்சா இல்லையா? அதைச் சொல்லும்மா."

ஆச்சுதான். திருமுடிவாக்கத்தில் போல்ட் செய்யும் ஜெயவேலுவுக்கு முதல்முதலாக ஒரு பெரிய கம்பெனி ஆர்டர். லேபிள் இல்லாத பெட்டியை அவர்கள் வாங்க மாட்டார்கள். எடை போடும் புரோகிராம், லேபிள் அடிக்கும் புரோகிராமைத் தானே கிளப்பிவிட வேண்டும். அதற்கு நம்மவர் ஒரு வரி எழுதினார், அடைப்புக்குறியோடு. அது கிளம்பியதா என்று விசாரிக்கும் வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. அடுத்த வரியிலேயே திரையில் 'பிரிண்டிங்' என்று காட்டச் சொல்லிவிட்டார். ஆபீசில் பிரிண்டர் இல்லை. திரையில் 'பிரிண்டிங்' வந்தது. டெஸ்டிங் முடிந்தது.

நாலு மணிக்கு லாரி. மூன்றரைக்கு ஜெயவேலுவிடமிருந்து போன்.

"இன்னா சார், அரை மணி நேரமா பிரிண்டிங் பிரிண்டிங்னு சொல்லிகினு கீது, ஒரு பேப்பர் வரல?"

"கேபிளைப் பாருங்க."

"பாத்தாச்சு."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"நாலு தபா பண்ணிட்டேன் சார்."

"அப்ப வைரஸ்தான்" என்று போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

உண்மையில் அந்தக் கம்ப்யூட்டர், எழுத்துகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு எந்த மொழியிலும் சேராத ஒரு பெயரில் புரோகிராமைத் தேடி, அப்படி ஒன்று இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. தபீதாள் அந்த வரியைத் திருத்தி, பிளாப்பியில் ஏற்றி, ஆட்டோ பிடித்து ஓடினார். போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். லேபிள்கள் வரிசையாக வந்து விழுந்தன.

ஜெயவேலு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். "ஷோக்காத்தான் வருதும்மா. லாரிதான் பூட்ச்சு. ஆர்டரும் வாணாம்னுட்டான்."

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். 'நமக்கு இந்தப் புரோகிராம் வேலையெல்லாம் தெரியாதப்பா' என்று நிம்மதியாகவும் இருக்கலாம். இருங்கள். போன தை மாதம் உங்கள் மகள் "இந்த மாப்பிள்ளை வேண்டாம்ப்பா" என்று சொன்னபோது, அதற்கு 'வெட்கம்' என்று பெயர் போட்டுவிட்டு, குரோம்பேட்டையில் மண்டபம் பார்க்கக் கிளம்பியது யார்?