எந்த மேல்?

மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் மலையும் கொண்ட நாடு ஒன்று இருந்தது. நாட்டை ஆண்டவர்கள் மலையில் இருந்தார்கள். கடல் அவர்களுக்குச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் நீலமாகத் தெரிந்தது.

அந்நாட்டுத் துறைமுகங்கள் வயர்லெஸ்ஸில் கப்பல்களுக்கு வழி சொல்லும்போது ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி பேசின. வெளியூர்க் கப்பல்கள் குழம்பியது உண்மை. பேரதிபர் 'ஒரே கடல், ஒரே சொல்' என்று சட்டம் கொண்டுவந்தார். அதுவரை யாருக்கும் வருத்தமில்லை.

திசைகளுக்கு எளிய சொல் தேட ஒரு குழு மலையில் கூடியது. அமைச்சர் வச்சிரநாதர் வரைபடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மேலே இருப்பது மேல். கீழே இருப்பது கீழ். இதைவிட எளிமை உண்டா?"

குழு கைதட்டியது. வரைபடத்தின் மேற்புறம் வடக்கு. கிழக்கே கடல் பார்த்த எங்கள் கரையிலோ மேல் என்றால் மேற்கு, நிலம் உயரும் பக்கம். முறையிடப் போனவர்கள் சொன்னார்கள்: "ஐயா, மேல்காத்துன்னா எங்களுக்கு மேக்கேயிருந்து வர்ற காத்து. இதை மாத்தினா ஆள் சாவான்."

"காற்றுக்கும் சுற்றறிக்கை அனுப்பியாயிற்று," என்றார் அமைச்சர், சிரிக்காமல்.

ஒரு திசைக்கு இரண்டு சொல் இருப்பது பிரிவினை என்று 'வடக்கு', 'மேற்கு' போன்ற பழைய சொற்களை அடுத்து வயர்லெஸ்ஸில் தடைசெய்தார்கள். பிறகு, அரசின் சொல்லுக்கு விளக்கம் தருவது அதை அவமதிப்பது என்றார்கள். விளக்கியவனுக்குச் சிறை.

இவையெல்லாம் நடந்தபோது என் அண்ணன் சந்தியாகு ஓட்டிய சரக்குத் தோணி அயல்நாட்டில் நின்றது. நானும் அதில் இருந்தேன். திரும்பும்போது தெற்கேயிருந்து கரையோரமாக வந்தோம். பெருமழை. துறைமுக விளக்குத் தெரியவில்லை. இப்போதே மேற்கே திரும்பித் துறைக்குள் நுழைவதா, இன்னும் வடக்கே போவதா? முந்தித் திரும்பினால் பாறை.

வயர்லெஸ்ஸில் பேசியவன் கஸ்பார், அண்ணியின் தம்பி. அவன் பக்கத்தில் அரசு அனுப்பிய மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது.

"மேலே வரவும்," என்றான்.

"எந்த மேலுடா மச்சான்? வாயில கொழுக்கட்டையா? வடக்கேயா, மேக்கேயான்னு சொல்லு!" என்று அண்ணன் கத்தினான்.

ஒரு இருமல் கேட்டது. அது கஸ்பாருடையது அல்ல.

"மேலே வரவும்." குரல் உடைந்தது.

"நம்ம வீட்டுப் பையன். நம்ம பேச்சுத்தான் பேசுவான்," என்று அண்ணன் தோணியை மேற்கே திருப்பினான்.

கரையேறியது நான் மட்டும்.

விசாரணை நடந்தது. செய்தி உரிய சொல்லில் அனுப்பப்பட்டது, பெறப்பட்டது, குறையில்லை என்று தீர்ப்பு. மேற்பார்வையாளருக்குப் பதக்கம். குரல் தரத்திலிருந்து விலகியதற்காகக் கஸ்பாருக்கு வேலை போயிற்று.

அண்ணி கத்ரீனா இறப்பைப் பதியப் போனாள். அண்ணன் உடல் கிடைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் போயிட்டாருங்க."

"எங்கே?"

அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாமல் கையை வானத்துக்குத் தூக்கினாள்.

"மேலேயா? அப்படியானால் வடக்கே குடிபெயர்ந்தவர்," என்று அதிகாரி பதிந்துகொண்டார். தோணியில் இறந்த எல்லோரையும் அப்படியே பதிந்தார்கள். அந்த ஆண்டு கடலில் ஒருவரும் சாகவில்லை என்று அரசு பெருமையுடன் அறிவித்தது.

தேர்தல் வந்தது. வட தொகுதியில் எங்கள் தோணியில் இறந்தவர்கள் ஒருவர் விடாமல் பேரதிபருக்கு வாக்களித்திருந்தார்கள்.

அண்ணி மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனாள். இம்முறை அழவில்லை.

"ஓட்டுப் போட வந்தாருல்ல, அப்படியே வீட்டுக்கு அனுப்பி வைங்கய்யா," என்றாள்.