தங்கை தலைக்கு மேல் ஒரு நெபுலா

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையும் மேடை அகலத்துக்கு அச்சடிக்கக் கூடாது. நான் அச்சடித்தேன். அதுவும் தங்கையின் கல்யாண வரவேற்புக்கு.

அப்போது எனக்கு நெபுலாப் பைத்தியம். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் ஒன்று இணையத்தில் வந்துவிட்டால் போதும், தேனாம்பேட்டை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறப்பேன். (வாயுவும் தூசியும் சேர்ந்து விண்வெளியில் மிதக்கும் மேகம்தான் நெபுலா. இதை விளக்கியே சில நட்புகளை இழந்திருக்கிறேன்.) ஆகவே, 'அக்காக்காரி நீதான் மேடையைப் பார்த்துக்கணும்' என்று அப்பா ஒப்படைத்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஹெலிக்ஸ் நெபுலா. நடுவில் நீலம், சுற்றிலும் சிவப்பு.

அசோக் நகர் ஃபிளெக்ஸ் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கண் ஆஸ்பத்திரி தொறக்கப் போறீங்களா?" என்றார். ரசனை இல்லாதவர் என்று மன்னித்தேன்.

தி. நகர் மண்டபத்தில் விளக்குகள் எரிந்ததும்தான் எனக்கே உறைத்தது. மணமக்களின் தலைக்கு மேல், சிவந்துபோய், இமைக்காமல், கூட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தது ஒரு ராட்சசக் கண். மொய்க் கவரோடு வந்தவர்கள் மணமக்களை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் தங்கை நித்யாவின் நட்சத்திரம் ஆயில்யம். மாமியாருக்கு ஆகாது என்று வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போயிருந்தன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை நடத்தும் இந்தக் குடும்பம்கூட, மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றதால்தான் சம்மதித்தது.

அந்த மாமியார்தான் என்னை மேடையோரம் அழைத்து, இது யார் கண் என்று விசாரித்தார். கண் இல்லை அத்தை, நட்சத்திரம் என்றேன்.

"என்ன நட்சத்திரம்?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தாமாகவே கேட்கிறார். சந்தோஷத்தில் மூளை நின்றுவிட்டது.

"செத்துக்கிட்டிருக்கிற நட்சத்திரம், அத்தை. சாகும்போதுதான் இவ்வளவு அழகா இருக்கும்."

அப்பா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நித்யா மாலைக்குள் முகத்தைப் புதைத்தாள். அத்தை நெபுலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சம்பந்தம் முறிந்தது, இனி நான் ஏதாவது விண்கலத்தில் ஏறிப் போய்விடுவதுதான் மரியாதை என்று தோன்றியது.

"சாகுறது சாவட்டும். அதுக்கு எம் மவன் தலைக்கு மேலயா லைட்டு போட்டுக் காட்டுவிய?" என்றார் அத்தை.

உடனே அவர்களுடைய ஜவுளிக்கடைக்குப் போன் பறந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டுக்கட்டாகப் பட்டுப்புடவைகள் வந்து இறங்க, கடை ஆட்கள் ஏணி போட்டு அண்டவெளியை மூடினார்கள். ஓரத்தில் நெபுலாவின் ஒரு சிவப்புத் துணுக்கு மட்டும் மூடாமல் நின்றுவிட்டது. ஆல்பத்தில் மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து இன்னமும் எட்டிப் பார்க்கிறது.

அத்தை இன்றைக்கும் திடகாத்திரமாக இருக்கிறார். எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும், "என்னம்மா, உன் நட்சத்திரம் போயிருச்சா, இருக்கா?" என்று கூட்டத்துக்கு நடுவே கேட்பார். இன்னும் பல்லாயிரம் வருஷம் ஆகும் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை யாரும் சாப்பிடப் போகமாட்டார்கள்.

"அப்ப உன் தங்கச்சிகிட்டச் சொல்லிரு," என்பார் அத்தை, "அதுவரைக்கும் நானும் இங்கனதான் இருப்பேன்னு."