மார்ல்விக் பிரபுப் பட்டத்தின் வீர வரலாறு

இங்கிலாந்தில் நாகரிகம் என்று ஏதாவது மிச்சமிருந்தால், அதற்கு மார்ல்விக் பிரபு வம்சமே காரணம். சந்தேகம் உள்ளவர்கள் எட்டாம் பிரபு பெரிக்ரினிடம் வாதாடிப் பார்க்கலாம். அவர் வாயைத் திறக்க விடமாட்டார்.

வேட்டையில் சேற்றில் விழுந்த அரசரிடம், "குதிரை மேலதான் தப்பு, மகாராஜா" என்று தயங்காமல் சாட்சி சொன்னவர் முதல் பிரபு. அந்தத் 'தேச சேவை'க்குத்தான் பட்டம். இரண்டாமவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். மூன்றாமவர், பட்டமும் மாளிகையும் நிலமும் ஆண் வாரிசுக்கே என்று எழுதிவைத்துவிட்டு, களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டார். மற்றவர்கள் பிரபுக்கள் சபையில் தூங்கினார்கள். ஐந்தாமவர் மட்டும் தூக்கத்தில் ஒருமுறை "ஆம்" என்றார். ஒரு சட்டம் நிறைவேறியது.

பெரிக்ரினுக்கு ஒரே மகள், வினிஃப்ரெட்; வீட்டில் வின்னி. ஒழுகும் கூரையில் ஏறுவதும், மாடுகளைப் பார்ப்பதும், குத்தகைக்காரர்களின் சண்டையைத் தீர்ப்பதும் அவள்தான். அப்பா கண்ணை மூடினால் அவள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். வருத்தமான விஷயம்தான். ஆனால் 'மரபு' யாருக்காகவும் வருத்தப்பட்டதில்லை.

நாடெல்லாம் சலித்ததில் வாரிசு அகப்பட்டார்: லெஸ்டர் நகரில் கம்பளம் விற்கும் பார்னபி, ஆறு தலைமுறை தள்ளிய பங்காளி. பிரபு அவரைத் தேநீருக்கு அழைத்தார்.

"நான் என்னங்க ஐயா செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம்பா. ஆம்பளையா பொறந்தியே, அதுவே பெரிய காரியம்."

"கூரை ஒழுகுதே, யாரு பாக்குறா?"

"வின்னி."

"மாடு கன்னெல்லாம்?"

"அதுவும் வின்னிதான்."

"அப்ப பட்டத்தையும் அவங்களுக்கே குடுத்துட்டா என்னங்க?"

பிரபுவுக்குப் புரையேறியது. அந்த வரவேற்பறையில் இவ்வளவு கெட்ட வார்த்தையை யாரும் பேசியதில்லை.

"அவ பொண்ணுப்பா!"

"எனக்கும் ஒரே பொண்ணுதாங்க."

"கவலைப்படாதே. ஒனக்கப்புறம் இன்னொரு பங்காளியைத் தேடிப் பிடிச்சிடலாம்."

அப்போது முழங்கை வரை ஈரமும் பூட்ஸ் நிறையச் சேறுமாக வினிஃப்ரெட் வந்து நின்றாள். மாடு ஈனும்போது கன்று வயிற்றில் குறுக்கே மாட்டிக்கொண்டதாம், இழுத்துப் போட்டுவிட்டாளாம், தாயும் கன்றும் நலமாம். பிரபுவுக்கு மனசு உண்மையாகவே இளகிவிட்டது. இவளை விட்டுவிட்டு ஒரு கம்பளக்காரனுக்கா?

"வின்னி, நீ மட்டும் ஆம்பளையா பொறந்திருக்கக் கூடாதாம்மா!"

"நல்லவேளை பொறக்கலப்பா," என்றாள் அவள், கையைத் துடைத்தபடி. "பொறந்திருந்தா நானும் இங்க ஒக்காந்து டீ குடிச்சிட்டிருப்பேன். மாடு செத்திருக்கும்."