கண்டக்டர் குளித்த தோட்டம்

குளித்துக் குளித்தே ஒரு தோட்டத்தை வளர்த்தவர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெரு கண்டக்டர். சந்தேகம் இருப்பவர்கள் அருப்புக்கோட்டைக்கு வந்து எங்கள் வெண்டைக்காயைத் தின்று பார்க்கலாம்.

திருச்சுழி பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். கருவேல முள் மண்டிக் கிடந்த புறம்போக்கைத் தெருவே சேர்ந்து வெட்டி, வீட்டுக்கொரு பாத்தி பிரித்தபோது, யாரும் கேட்காமலே பொறுப்பை எடுத்துக்கொண்டார். மழை எட்டிப் பார்க்காத ஊர் இது. அதனால் ஒரு சட்டம் போட்டார். அரிசி களைந்ததோ காய் கழுவியதோ, கையில் தண்ணீர் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. காலை ஏழு மணிக்கு விசில். வாசலில் நின்று ஒவ்வொரு குடத்துக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்.

"என்னம்மா, பாதிதான் இருக்கு? பெரியாளுக்கு அரை டிக்கெட்டா?"

அவர் தனிக்கட்டை. களைய அரிசி ஒரு கைப்பிடிதான். எனவே தன் பங்குக்குக் குளிக்க ஆரம்பித்தார். துவைக்கிற கல்லைப் பாத்தி பாத்தியாக உருட்டிப் போய், அதன்மேல் நின்று குளிப்பார். செடிக்கு ஆகாது என்று சோப்பையும் விட்டுவிட்டார். வெயில் காலத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் அவர் பக்கத்தில் நிற்க முடியும்.

என் அம்மாவுக்கு இது ஆகாது. "பொம்பளைக வந்து போற எடத்துல ஈரத் துண்டோட நிக்கிறீகளே அண்ணே, வெக்கமா இல்ல?"

"இன்னிக்கு ஒன் கத்தரிக்குத்தான் தாயி முறை. வேணாம்னா தக்காளிக்குப் போயிருறேன்."

அம்மா கல்லுக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டாள்.

போன கோடையில், அங்கே தோட்டமே இல்லை, வெறும் புதர்தான் என்று யாரோ தாலுகா ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். அப்படியானால் இடத்தைப் பூட்டிவிடுவதாகப் பேச்சு. ஒருநாள் ஏழு மணிக்குச் சற்று முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்து நின்றார். கண்டக்டர் மிளகாய்ப் பாத்தியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா நீ? பொது எடத்துல குளிக்கிற?"

"குளிக்கல சார், தண்ணி பாய்ச்சுறேன். நீங்க குடம் கொண்டாந்தீகளா?"

அதிகாரியின் முகம் சிவந்தது. முந்தி வந்துவிட்ட நான் வேலியோரம் நின்றிருந்தேன். தோட்டம் அன்றோடு போயிற்று என்றே நினைத்தேன். கண்டக்டரோ குளிக்கும்போதும் கழற்றாத கடிகாரத்தைப் பார்த்து, விசிலை எடுத்து ஊதினார். மொத்தத் தெருவும் குடமும் சட்டியுமாக வந்தது.

"ஆளக் கூட்டி மிரட்டுறியா?" என்று அதிகாரி பின்வாங்கினார்.

அவரை ஏறிட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை. அவரவர் பாத்திக்குப் போய் ஊற்றினார்கள், காய்ந்த இலையைக் கிள்ளினார்கள், பக்கத்துப் பாத்திப் பூசணியைப் பார்த்து வயிறெரிந்தார்கள். அதிகாரி வெகுநேரம் நின்று பார்த்தார்.

"தினமும் இப்படியா?"

"மழை பேஞ்சா லீவு சார். இங்க எங்க பேயிது?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தோட்டம் இருக்குன்னு எழுதிர்றேன். நீங்களே வச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்டக்டர் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் உண்டு. அன்று எங்கள் தெருவுக்கு அவரைவிடப் பெரியவர் யாருமில்லை.

அம்மா வீட்டுக்கு ஓடிப் போய், எனக்கே தராத புதுத் துண்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"மொதல்ல தலையத் துவட்டுங்கண்ணே. சளி பிடிச்சுக்கிரும்."