வெறுங்காலுக்கு எட்டாத பைக்

என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். டிரெக்கிங் ஷூ போட்டால் ஐந்தடி ஆறு. இந்த இரண்டு அங்குலத்தை நம்பி ஒரு பைக்கையே வாங்கிய அறிவாளி நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.)

போன வருஷம் நானும் என் மனைவி கல்பனாவும் வால்பாறைக்கு பைக்கில் போவதென்று முடிவு செய்தோம். அதுவரை மயிலாப்பூரிலிருந்து பெருங்குடி ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போய் வந்ததுதான் என் வாழ்நாள் சாகசம். புது பைக் தேடியதில் கடைசியில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று, விலை குறைந்த ஸ்கிராம்ப்ளர். சாதாரண பைக்குக்கு முரட்டு டயர் மாட்டிய மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் கால் தரையில் படும். இன்னொன்று அசல் அட்வென்ச்சர் பைக். மலையேறுவதற்கென்றே செய்த வண்டி, உயரமும் எடையும் அதிகம்.

கல்பனா ஸ்கிராம்ப்ளர் போதும் என்றாள். அவளுக்கு விஷயம் தெரியும். ராயப்பேட்டையில் காலேஜ் படிக்கும்போதே அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றியவள். என்னைவிட மூன்று அங்குலம் உயரம் வேறு. (கல்யாண போட்டோவில் என் காலுக்கடியில் ஒரு பலகை இருக்கிறது. அந்த போட்டோகிராபர் நன்றாக இருக்கட்டும்.)

நானோ மூன்று மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, ஆற்றில் இறங்கினால் எந்த வண்டி கரையேறும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விளக்கிக்கொண்டிருந்தேன். ரசம் ஆறிப்போனது.

"வால்பாறைக்கு பஸ்ஸே போகுதுங்க" என்றாள் கல்பனா. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்குக் கால் எட்டுமா?"

எட்டும் என்றேன்.

"எட்டலைன்னா நான் பின்னாடி உட்கார மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அதோடு என் மானம் மரியாதை எல்லாம் அந்தப் பின்சீட்டுக்குப் போய்விட்டது. டெஸ்ட் ரைடுக்கு தி. நகர் ஷோரூமுக்குத் தனியாகப் போனேன், தடித்த அடி வைத்த புது ஷூவோடு. "ஷூவோட தாராளமா படுது சார்" என்றார் விற்பனையாளர். கல்பனாவிடம் வந்து, தாராளமாகப் படுகிறது என்று சொன்னேன். அந்த முதல் வார்த்தையை மட்டும் ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

வண்டி எடுத்த அன்று சிக்னலுக்கு சிக்னல் பிளாட்பாரத்தில் கால் ஊன்றி, ஒரு வழியாக மயிலாப்பூர் பிள்ளையார் கோயில் வரை ஓட்டி வந்துவிட்டேன். பின்னாலேயே ஸ்கூட்டரில் கல்பனா. புது வண்டிக்குப் பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, பழத்தின் மேல் வண்டியை ஏற்றச் சொன்னார். நான் ஏறப்போனபோது என் காலைப் பார்த்தார்.

"ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்கோ."

லேஸ் இறுகிவிட்டது, அவிழ்க்க வராது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கல்பனாவே குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். கழற்றிய ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதை ஓரமாக வைத்தாள். (திட்டியிருந்தால்கூடத் தேவலை.)

ஏறினேன். கிளட்சை விட்டேன். முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறாமல் இடித்து நின்றது, வண்டி இடது பக்கம் சாய்ந்தது. என் இடது கால் தரையைத் தேடிப் போனது, போய்க்கொண்டே இருந்தது. வண்டியும் நானும் மாலையும் அவசரமே இல்லாமல் சாய்ந்து, பக்கத்திலிருந்த பூக்கூடைக்குள் போய் விழுந்தோம்.

பூக்காரம்மா சத்தம் போடவில்லை. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"இன்னா நைனா, காலே எட்டல. இம்மாம் ஒசர வண்டிய எதுக்கு வாங்கிக்கினு வந்துகீற?"

மூன்று மாதமாக நான் என்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி. நான்கு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள், பிறகு என்னை. நசுங்கிய பூவையெல்லாம் கல்பனா வாங்கிக்கொண்டாள். அப்புறம் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு வண்டியில் ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. எலுமிச்சம்பழங்கள் அடுத்தடுத்து நசுங்கின. குருக்கள் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது.

"ஏறுங்க" என்றாள்.

ஷூவைக் கையில் பிடித்தபடி பின்சீட்டில் ஏறினேன். (ஸ்கூட்டரை எடுக்க அப்புறம் நடந்து வந்தேன்.) வால்பாறைக்கும் அப்படியேதான் போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் அவள்தான் ஓட்டினாள். மனதைத் தொட்டுச் சொல்கிறேன், பின்சீட்டிலிருந்து மலை பிரமாதமாகத் தெரிகிறது.

விஷயம் அதோடு முடியவில்லை. போன மாதம் என் மச்சினியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போதே, நல்ல உயரம் என்று எல்லோரும் ஜன்னலில் கூடிச் சந்தோஷப்பட்டார்கள். மாமியார் மட்டும் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இருங்க, வாசல்ல ஷூவைக் கழட்டட்டும்."