பூட்டும் சென்னைக் கப்பலின் ஒரு பெர்த்தும்

அந்தமானில் மனுஷனை எரிச்சல்படுத்துவதில் பூட்டை மிஞ்ச ஆள் கிடையாது. டெலானிபூரில் கப்பல் டிக்கெட்டுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். ஜாவா நிரலில் பத்து வரி எழுதினால் எட்டு வரிக்கு லாக் போடுவான். டீ கெட்டிலை எடுத்தால்கூட "லாக்!" என்று கத்துவான். "அன்லாக்" என்று சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது. ஒருநாள் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். மானேஜர்கூட டீ குடிக்கவில்லை.

"ஒனக்கென்ன பைத்தியமால?" என்றேன்.

"ஒரே பெர்த்த ரெண்டு பேருக்கு வித்துப் பாரு, அப்பத் தெரியும்."

விற்றேன்.

ஒவ்வொரு கவுண்டரின் வேலையையும் மென்பொருளுக்குள் தனி த்ரெட் ஒன்று பார்க்கும்; ஒன்று லாக் போட்டால் மற்றவை காத்திருக்கும். பெர்த் காலியா என்று பார்ப்பதும் அதில் பெயர் எழுதுவதும் ஒரே லாக்குக்குள் நடக்க வேண்டும். கவுண்டர் மெதுவாகிறதென்று அவன் போட்ட லாக்கை நான் எடுத்துவிட்டேன். இரண்டு த்ரெட் ஒரே நொடியில் பார்த்தன. இரண்டுமே காலி என்றன.

கப்பல் கிளம்பும் திங்கட்கிழமை காலை, பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு அக்கா எங்கள் அலுவலகத்து முன்னறைக் கவுண்டரில் வந்து நின்றார். அவருடைய பெர்த்தில் இன்னொருவர் ஏற்கெனவே ஏறிவிட்டார். வெள்ளிக்கிழமை சென்னையில் மகளுக்கு ஆபரேஷன். அடுத்த கப்பல் அடுத்த வாரம். விமானத்திலும் இடமில்லை.

"தம்பி, ஒங்க மிஷின் தப்புக்கு எம்புள்ள ஆஸ்பத்திரில தனியாக் கெடக்கணுமா?"

நான் திரையில் காலி பெர்த் தேடினேன்; ஒன்றுகூட இல்லை. யாராவது டிக்கெட்டை ரத்து செய்தால் பிடுங்குவதற்கு ஐந்து கவுண்டரிலும் கூட்டம் நின்றது. திடீரென்று ஐந்தும் உறைந்தன.

"அரே, க்யா ஹுவா? ஜல்தி கரோ பாய்!" என்ன ஆச்சு, சீக்கிரமென்று கண்ணாடியில் அடி விழுந்தது.

பின்னறைக்கு ஓடினேன். பூட்டு மொத்தக் கப்பலுக்கும் லாக் போட்டிருந்தான்.

"எடுல லாக்க! கண்ணாடிய ஒடைக்கானுவ!"

"ரெண்டு நிமிஷம் சும்மா இரு மக்கா."

"கப்பல் கெளம்பப் போவுதுல!"

அவன் நிமிரவே இல்லை. சட்டையைப் பிடித்தேன். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். ஒரு டிக்கெட்டை ரத்து செய்து, லாக்கை விடாமலேயே அந்த இடத்தில் அக்காவின் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். லாக் இல்லாமல் செய்திருந்தால், கண் மூடித் திறப்பதற்குள் வேறு கவுண்டர் அந்த பெர்த்தை அள்ளியிருக்கும்.

ரத்தான டிக்கெட் அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். கட்டிய பெட்டி காலடியில் இருந்தது.

"அன்லாக்," என்றான். அக்கா கப்பலுக்கு ஓடினார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த அவன் அறையில் உட்கார்ந்து கல்யாணத்தைப் போனில் பார்த்தோம். ஜன்னலுக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் சிக்னல் கிடைத்துப் படம் நகர்ந்தது. சர்ச்சில் தாலி கட்டியதிலிருந்து பந்தியில் கடைசி ஆள் கை கழுவும்வரை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.