அண்டாவுக்கு ஒரு பாலிசி

மேலகரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் கடற்கரை, சாரல் அடித்த ஒரு ஆடிமாதக் காலையில் திடீரென்று பொறுப்புள்ள குடும்பத் தலைவராக மாறினார். வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் எடுக்கப் போவதாக அறிவித்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் வாய்விட்டு அறிவித்த முதல் முடிவு அது. அவர் மனைவி முத்துவடிவு வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

“வீடே நம்மளுது இல்ல. அதுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?”

“ஏட்டி, வீட்டுக்கு இல்ல. உள்ள கெடக்க நம்ம சாமானுக்கு. திருடன் வந்து எடுத்துட்டுப் போனா கம்பெனிக்காரன் குடுத்துருவான்.”

“எந்தத் திருடன்?”

“பொதுவாச் சொன்னேன்.” கடற்கரையின் குரல் கீச்சிட்டது.

இத்தனை பொறுப்புக்கும் காரணம் ஒரு பித்தளை அண்டா. முத்துவடிவு சீராகக் கொண்டுவந்தது. கழுத்தில் அவள் பேர் வெட்டியிருக்கும். தை மாதம் அச்சன்புதூரில் கடற்கரையின் தங்கச்சி உமாராணி புதுவீட்டில் பால் காய்ச்சியபோது, முத்துவடிவு கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அதைப் பரணிலிருந்து இறக்கி ஆட்டோவில் அனுப்பிவிட்டார். பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டே கொடுத்திருக்கலாம். கேட்கத்தான் பயம். போன அண்டா திரும்பவில்லை. போன் போடும்போதெல்லாம் உமாராணி, “தாரேன்ணே, அடுத்த வாரம் தாரேன்” என்பாள்.

அன்றிலிருந்து மனுஷன் பட்ட பாடு கொஞ்சமில்லை. முத்துவடிவு பரணில் ஏறக் கூடாதென்று ஸ்டூலை ஒளித்து வைத்தார். காலி இடத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவரும் ஏறவில்லை. பாத்திர நினைப்பே அவளுக்கு வரக் கூடாதென்று பாத்திரம் துலக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். இப்போது குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. அருவியில் தண்ணீர் விழுந்தால் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து விழுவார்கள். நாளைக்கு அவள் பிறந்த வீட்டுக் கூட்டம் வருகிறது. அண்டா இல்லாமல் அத்தனை பேருக்குச் சோறு பொங்க முடியாது. ஆகவே சாயந்திரம் இன்சூரன்ஸ், விடிவதற்குள் திருடன். இதுதான் கடற்கரையின் திட்டம்.

சாயந்திரம் குத்துக்கல்வலசையிலிருந்து ஏஜெண்ட் இசக்கிப்பாண்டி மழைக்கோட்டோடு வந்தான்.

“சுவரு, கூரையெல்லாம் ஓனரு பாடு அண்ணாச்சி. டிவி, பிரிட்ஜ், கட்டில், பாத்திரம் இதெல்லாம் ஒங்க பாடு. தீப்பிடிச்சா, வெள்ளம் புகுந்தா, பூட்ட ஒடச்சுத் திருடுனா கம்பெனி தரும்.”

“பூட்ட ஒடைக்காமத் திருடுனா?”

“தராது.”

“லேசா ஒடச்சா?”

இசக்கிப்பாண்டி பேனாவை மூடிவிட்டு அவரைப் பார்த்தான். “போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். அவுக வந்து பாப்பாக. இன்னொண்ணு அண்ணாச்சி, வீட்டு ஆளே எடுத்துட்டுப் போனாலும் தராது.”

கடற்கரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவன் பொதுவாகச் சொல்கிறானா, தெரிந்து சொல்கிறானா? ஒன்றும் விளங்கவில்லை.

“மொதல்ல எல்லாத்தையும் ஒரு போட்டோ புடிச்சிருவோம்.”

“போட்டோ எதுக்குலே? நான் வாயால சொல்லுதேன், நீ எழுதிக்கோ.”

“இல்லாத சாமான எழுதிட்டா என் வேல போயிரும் அண்ணாச்சி.”

“புடிச்சிக்கோங்க தம்பி” என்றாள் முத்துவடிவு. “மொதல்ல எங்க அம்மா குடுத்த அண்டா.” கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, ஒளித்து வைத்த ஸ்டூலைச் சாவகாசமாக இழுத்துப் போட்டாள்.

“ஏட்டி, ஏறாத! மேல கொரங்கு கெடக்கு!”

“பரணுக்குள்ளயா?”

“குட்டி.”

அவள் ஏறிவிட்டாள். கடற்கரை கண்ணை இறுக மூடிக்கொண்டார். “புடிங்க” என்று குரல் வந்தது. கையில் கனமாக என்னவோ இறங்கியது. கண்ணைத் திறந்தார். அண்டா. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். முத்துவடிவு என்றுதான் வெட்டியிருந்தது. அப்படியானால் தையில் ஆட்டோவில் போனது எது? தான் அனுப்பியதே கனவா? பாவம், அண்டாவைத் தட்டியே பார்த்துவிட்டார்.

“என்ன முழிக்கிய? சித்திரையிலயே நான் அச்சன்புதூரு போனப்பப் பாத்து எடுத்துட்டு வந்துட்டேன். ஒங்க தங்கச்சிக்குத்தான், நான் சொல்லச் சொன்ன பொய்ய ஒங்ககிட்டச் சொல்லிச் சொல்லி வாயே வலிக்காம்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா இந்த மூணு மாசமும் பாத்திரத்த யாரு துலக்கியிருப்பா?”

இசக்கிப்பாண்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு பாலிசிப் பாரத்தை விரித்தான். “மதினி, தீ, வெள்ளம், திருட்டு... எதெதுக்குப் பாதுகாப்பு வேணும்?”

“இவியகிட்ட இருந்து காப்பாத்த ஏதாவது இருக்கா?” என்று முத்துவடிவு கடற்கரையைக் காட்டினாள்.

“வீட்டு ஆளுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பு ஏக்காது மதினி.”

 முத்துவடிவு அடுக்களைக்குப் போய் ஒரு உருண்டை புளியை எடுத்து வந்து கடற்கரையின் கையில் வைத்தாள்.

“அண்டாவப் பளபளன்னு துலக்கி வச்சிருங்க. நாளைக்கு எங்க வீட்டு ஆளுவ இருவது பேரு வாராவ.”